கட்டுரைகளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், ஆட்கள் வருவார்களா?

2002 பிப்ரவரியில் ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள். விக்கிப்பீடியா தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. இன்று அதை நடத்தும் அறக்கட்டளை அன்று இல்லை. போமிஸ் என்ற தனியார் நிறுவனத்தின் சர்வரில், டாட் காம் முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் காசில்லை. தளத்தில் விளம்பரம் போட வேண்டி வரலாம் என்று விக்கிப்பீடியாவின் இணை நிறுவனர் லாரி சாங்கர் எழுதிய ஒரு குறிப்பு ஸ்பானியப் பங்களிப்பாளர்களைக் கொதிக்க வைத்தது. நாங்கள் சம்பளமில்லாமல் எழுதுவதை வைத்து ஒரு நிறுவனம் சம்பாதிப்பதா என்று கேட்டார்கள். எட்கர் என்யெடி முன்னின்ற அந்தக் குழு, அதுவரை எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, செவில் பல்கலைக்கழகத்தின் சர்வரில் என்சிக்ளோபீடியா லிப்ரே என்ற பெயரில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கியது.

யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம் என்ற உரிமத்தின் கீழ்தான் அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் விக்கிப்பீடியா டாட் காமை விட்டு, லாபநோக்கமில்லாத அமைப்புகள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் டாட் ஆர்க் முகவரிக்கு மாறியது. 2003 ஜூனில் விக்கிமீடியா அறக்கட்டளை உருவானது. இன்றுவரை அங்கே விளம்பரம் இல்லை. இதற்கெல்லாம் ஸ்பானியர்களின் வெளியேற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் விளம்பரப் பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் நேரில் பார்த்துவிட்டார்கள். என்சிக்ளோபீடியா லிப்ரே சில காலம் ஸ்பானிய விக்கிப்பீடியாவைவிடப் பெரிதாக இருந்தது, பிறகு பின்தங்கியது. தனித்தளமாக அது நிலைக்கவில்லை. ஆனால் எதைக் கேட்டுப் பிரிந்தார்களோ அது, பிரிந்து வந்த இடத்தில் நடந்துவிட்டது.

பிரிந்து போகும் உரிமையைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்தும் இதுதான். அதனால் கிடைக்கும் பலன் போனவர்களைவிட அங்கேயே தங்கியவர்களுக்குத்தான் அதிகம். "இவர்கள் எழுந்து போய்விடுவார்கள்" என்ற நினைப்பு இருக்கும் வரைதான் தளத்தை நடத்துபவர் பங்களிப்பாளர்களின் பேச்சைக் கேட்பார். ஆனால் அந்த நினைப்பு நிஜமாக இருக்க வேண்டும். உரிமத்தில் ஒரு வரி இருந்தால் மட்டும் போதாது. எது இருந்தால் போக முடிகிறது, எது இல்லாதபோது முடியவில்லை என்பதை இருபது ஆண்டுக்கும் மேலான அனுபவம் நன்றாகவே காட்டியிருக்கிறது.

மிரரும் ஃபோர்க்கும்

ஒரு தளத்தின் உள்ளடக்கத்தை உள்ளபடியே இன்னோர் இடத்தில் வைப்பது மிரர். அங்கே யாரும் எழுதுவதில்லை. மூலத்தில் மாறினால் இங்கேயும் மாறும், இல்லாவிட்டால் எடுத்த நாளில் இருந்த நிலையிலேயே நிற்கும். ஃபோர்க் என்பது கிளை பிரிவது. எடுத்த நாள் வரை இரண்டுக்கும் ஒரே வரலாறு. அதற்குப் பிறகு எழுதுபவர்கள் வேறு, விதிகள் வேறு, போகும் திசையும் வேறு.

இரண்டுக்கும் அனுமதி உரிமத்திலிருந்தே வருகிறது. விக்கிப்பீடியா முதலில் பயன்படுத்தியது குனூ கட்டற்ற ஆவண உரிமம். மென்பொருள் கையேடுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த உரிமம், நகலோடு தன் முழுப் பாடத்தையும் சேர்த்துத் தரச் சொன்னது. ஒரு கையேட்டுக்கு அது சரி. ஒரு பக்கக் கட்டுரையை அச்சடித்துக் கொடுக்க நினைப்பவருக்கு அது பெரிய தொல்லை. 2008 நவம்பரில் வந்த அதன் 1.3 பதிப்பு, விக்கிகள், அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் தளங்கள், ஒரு குறிப்பிட்ட கெடுவுக்குள் வேறு உரிமத்துக்கு மாறிக்கொள்ள வழி செய்தது. அதைப் பயன்படுத்தி 2009 ஜூனில் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தது. 2023-ல் அதன் 4.0 பதிப்புக்கு மாறியது.

இந்த உரிமம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும். மாற்றி வெளியிட்டால் மாற்றியதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். இரண்டாவது நிபந்தனையின் அருமை பலருக்கும் உடனே தெரிவதில்லை. கிளையில் வளர்ந்ததை மூலத் தளம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. சண்டை போட்டுப் பிரிந்தாலும் எழுத்து இரண்டு பக்கமும் போய்வரலாம்.

முதல் நிபந்தனையைப் பலரும் வெறும் மரியாதை என்று நினைக்கிறார்கள். 2005-ல் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மீது சந்தேகம் இருந்ததாக யாரோ பொய்யாக எழுதிவிட்டார்கள். நான்கு மாதத்துக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்து நீக்கிய பிறகும் ஆன்சர்ஸ் டாட் காம், ரெஃபரன்ஸ் டாட் காம் போன்ற நகல் தளங்களில் வாரக்கணக்கில் நீடித்தது. மூலத்தில் ஒரு நொடியில் திருத்திவிடலாம். நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? அவற்றைத் திருத்தும் பொத்தான் யாரிடமும் இல்லை.

எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாத நகல் இன்னும் ஆபத்தானது. 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர், கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் கட்டுரையில், அதற்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். அப்படி ஒரு பெயரே கிடையாது. பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கிப்பீடியாக் கட்டுரைக்குச் சான்றாக வந்து உட்கார்ந்தது. 2014-ல்தான் உண்மை வெளியானது. ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டு குவளைத் தண்ணீரை இரண்டு ஊற்று என்று எண்ணிவிட்ட கதை. 'இது அங்கிருந்து எடுத்தது' என்ற ஒரு வரி இருந்திருந்தால் இந்தச் சுழல் முதல் வட்டத்திலேயே அறுந்திருக்கும்.

விளம்பர வருமானத்துக்காக முளைத்த நகல் தளங்கள் 2000-களில் ஏராளம். தேடினால் முதல் பக்கத்தில் ஒரே கட்டுரை நான்கு இடத்தில் வரும். தேடுபொறிகள் இரட்டிப்பு உள்ளடக்கத்தைக் கீழே தள்ளத் தொடங்கியதும் அவை தேய்ந்துபோயின. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

மிரர் என்றாலே ஒட்டுண்ணி என்று ஒதுக்கவும் கூடாது. 2017 ஏப்ரல் 29 அன்று துருக்கி விக்கிப்பீடியாவை முழுவதுமாகத் தடை செய்தது. அடுத்த மாதமே துருக்கிய விக்கிப்பீடியாவின் பிரதி ஒன்று ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட வலையமைப்பில் ஏற்றப்பட்டது. ஒரே சர்வரை முடக்கி அதை நிறுத்த முடியாது. படிக்க மட்டும் முடியும், திருத்த முடியாது. இருந்தாலும் படிக்க முடிந்தது. தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2020 ஜனவரி 15 அன்று தளம் திரும்பவும் திறக்கும் வரை கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆயின.

இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் இன்னும் அமைதியான உதாரணம். அது 2007-ல் தொடங்கியது. ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் படங்களோடு ஏறத்தாழ 100 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக அடக்கித் தருகிறது. இணையம் எட்டாத பள்ளிகளிலும் சிறைகளிலும் கப்பல்களிலும் அதைத் திறந்து படிக்கிறார்கள். உரிமம் நகலெடுக்க விடாமல் இருந்திருந்தால் இந்த வேலை ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பந்தத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கும்.

எவை வரும், எவை வராது

ஒரு விக்கியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விக்கிமீடியா தன் தளங்களின் தரவுத்தளத்தைக் கோப்புகளாக்கித் தவறாமல் வெளியிடுகிறது. டம்ப் என்று சொல்வார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் இன்றைய கட்டுரைகள் மட்டும் சுருக்கிய வடிவில் 20 ஜிபிக்குச் சற்று மேல். ஒவ்வொரு திருத்தமும் அடங்கிய முழு வரலாற்றையும் விரித்தால் பல டெராபைட். தளத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் கட்டற்றது. ஆக உரை, மென்பொருள் இரண்டும் கையில் வந்துவிட்டன.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. படங்கள் அந்தக் கோப்பில் இல்லை. அவை பெரும்பாலும் 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளை வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற தனித் தளத்தில் இருக்கின்றன. கட்டுரையின் ஓரத்தில் தெரியும் தகவல்பெட்டி ஒரு வார்ப்புரு, அதாவது பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சு. அந்த வார்ப்புரு பத்து வார்ப்புருக்களை அழைக்கும், அவை லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களை அழைக்கும், அந்த நிரல்கள் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பக்கம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திகள்தான். காழ்ப்புத் திருத்தங்களை நொடிகளில் கண்டுபிடித்துத் திருப்பும் குளூபாட் என்ஜி போன்ற தானியங்கிகளும் கூட வருவதில்லை. அவை வேறொருவர் தன் பொறுப்பில் ஓட்டுபவை.

பயனர் கணக்குகளும் வராது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் டம்பில் இருக்கக் கூடாது, இருப்பதுமில்லை. வரலாற்றுப் பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருக்கும். அதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டாகிறது. பத்தாண்டாக எழுதியவர் புதுத் தளத்தில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அவர் வருவதற்குள் வேறொருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டால், பழைய திருத்தங்கள் எல்லாம் அந்த ஆளுடையவை போலத் தோன்றும். அதனால் பழைய தளத்தில் தன் கணக்கிலிருந்து ஒரு குறிப்பு எழுதி, 'அது நான்தான்' என்று உறுதிப்படுத்தினால்தான் புதுத் தளத்தில் பெயரைத் தருவது என்று சில கிளைகள் ஏற்பாடு செய்தன.

இத்தனையும் உழைத்தால் தீர்ந்துவிடும். உழைப்பால் தீராதவை இரண்டு: பெயர், ஆட்கள்.

விக்கிடிராவல் வழக்கு

இரண்டையும் சேர்த்துப் பார்க்க விக்கிடிராவலின் கதை போல வேறொன்று இல்லை. இவன் புரோட்ரோமூவும் மிஷெல் ஆன் ஜென்கின்ஸும் 2003-ல் தொடங்கிய பயண வழிகாட்டி அது. எல்லோரும் சேர்ந்து எழுதுவது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2006-ல் அதை இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது.

எதை வாங்கியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கட்டுரைகளை வாங்க முடியாது, அவை ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்தவை. எழுதுபவர்களையும் வாங்க முடியாது. வாங்கியது பெயரை, முகவரியை, தேடுபொறியில் அந்த முகவரிக்கு இருந்த இடத்தை.

ஜெர்மன் மொழிப் பங்களிப்பாளர்கள் காத்திருக்கவில்லை. 2006 டிசம்பரிலேயே விக்கிவாயேஜ் என்ற கிளையைத் தொடங்கி, அதை நடத்த ஜெர்மனியில் ஒரு பதிவு பெற்ற சங்கத்தையும் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியர்களும் சேர்ந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் மட்டும் இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் பழைய இடத்திலேயே இருந்தார்கள். விளம்பரங்கள் கூடின, மென்பொருள் பழசாகிக்கொண்டே போனது, தொழில்நுட்பப் புகார்களுக்குப் பதில் வரவில்லை என்ற குறை வளர்ந்தது. 2012-ல் நிர்வாகிகள் பெரும்பாலோர் ஒன்றாக முடிவெடுத்தார்கள். ஜெர்மன் சங்கத்தோடு சேர்ந்து, விக்கிமீடியாவின் குடையின் கீழ் புதிய தளமாகப் போவது என்று. விக்கிமீடியா சமூகத்தின் கருத்துக் கேட்பிலும் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது.

2012 ஆகஸ்ட் இறுதியில் இன்டர்நெட் பிராண்ட்ஸ் இரண்டு தன்னார்வலர்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. பதிப்புரிமை மீறல் என்று குற்றம்சாட்ட வழியில்லை, உரிமம் நகலெடுக்க விடுகிறதே. வணிகப் பெயரைத் தவறாகப் பயன்படுத்தினார்கள், சதி செய்தார்கள் என்பது போன்ற குற்றச்சாட்டுகள். சம்பளம் வாங்காமல் பயணக் குறிப்பு எழுதிய இரண்டு பேர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்ததை இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. விக்கிமீடியா அறக்கட்டளை அடுத்த சில நாட்களில் எதிர் வழக்குப் போட்டு, தன்னார்வலர்களின் பக்கம் நின்றது. 2013 ஜனவரி 15 அன்று, விக்கிப்பீடியாவின் பன்னிரண்டாவது பிறந்தநாளில், விக்கிவாயேஜ் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து வழக்குகள் முடிந்தன.

எழுதுபவர்கள் கூட்டமாக வந்ததால் விக்கிவாயேஜ் பிழைத்தது. ஆனாலும் பழைய தளம் மூடப்படவில்லை. அதே கட்டுரைகள் அங்கேயும் இருந்தன. தேடுபொறியைப் பொறுத்தவரை பழையதுதான் மூலம், புதியது நகல். அதனால் விக்கிவாயேஜ் முடிவுகளில் மேலே வரப் பல காலம் போராட வேண்டியிருந்தது. அங்கே எழுதியவர்கள் தாங்களே எழுதிய பத்திகளை வேறு சொற்களில் திரும்ப எழுதினார்கள், தேடுபொறி அவற்றைப் புதியவை என்று மதிக்கட்டும் என்பதற்காக.

ஒரே விக்கி, இரண்டு வெளியேற்றம்

இந்தப் போராட்டம் இன்று அதிகமாக நடப்பது கணினி விளையாட்டு விக்கிகளில். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்காக 2004-ல் தொடங்கிய வாவ்விக்கி, 2007-ல் பல விக்கிகளுக்கு இடம் தந்து நடத்தும் விக்கியா நிறுவனத்துக்குப் போனது. விக்கியாதான் பின்னாளில் ஃபேண்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2010-ல் விக்கியா எல்லாத் தளங்களிலும் புதிய பக்க வடிவமைப்பைக் கட்டாயமாக்கியபோது, எழுதுபவர்கள் வாவ்பீடியா என்ற பெயரில் கர்ஸ் நிறுவனத்தின் சர்வருக்குப் பிரிந்து போனார்கள். எட்டு ஆண்டுகள் நன்றாகவே போயின. 2018 டிசம்பரில் கர்ஸின் விக்கிப் பிரிவையே ஃபேண்டம் வாங்கிவிட்டது! எங்கிருந்து ஓடி வந்தார்களோ அங்கேயே கொண்டுபோய் விட்டது போல ஆனது. 2023 அக்டோபரில் அவர்கள் மறுபடியும் பிரிந்து, விக்கி டாட் ஜிஜி தளத்துக்கு மூன்றாவது பெயரோடு போனார்கள்.

ரூன்ஸ்கேப் விக்கி 2018-ல் வெளியேறியது. 2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கியும் போனது. ரூன்ஸ்கேப் சமூகத்துக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனமே புதுத் தளத்தின் பக்கம் நின்றது. பெயர் அவர்களுடையது, விளையாட்டுக்குள்ளிருந்தே புதிய விக்கிக்கு வாசகர்களை அனுப்ப முடியும். தேடுபொறியில் தவம் கிடக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

அந்த வாய்ப்பு இல்லாதவர்களின் நிலை கடினம். சமூகம் போன பிறகு பழைய விக்கியை ஃபேண்டம் மூடுவதில்லை. 'நாங்கள் இடம் மாறிவிட்டோம்' என்ற அறிவிப்பையும் நிரந்தரமாக வைக்க விடுவதில்லை. சில காலத்துக்குப் பிறகு நீக்கிவிட வேண்டும். தேடி வரும் வாசகர் பழைய பக்கத்தில் பழைய தகவலைப் படித்துவிட்டுப் போகிறார், எழுதியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்பதே தெரியாமல். உரிமப்படி இதில் தவறில்லை, நகல் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஆளில்லாத பக்கத்தை ஆள் இருப்பது போலக் காட்டுவது வாசகருக்கு நேர்மையான செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இதற்காகவே இண்டி விக்கி படி (Indie Wiki Buddy) என்ற உலாவி நீட்டிப்பை உருவாக்கியிருக்கிறார்கள். பழைய விக்கியைத் திறந்தால் அதுவே புதிய விக்கிக்குக் கொண்டுபோய் விடும்.

வெற்றி பெற்றவற்றைப் பார்த்துவிட்டு, பிரிந்தால் பிழைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கிளைகள் சத்தமில்லாமல் காய்ந்துபோகின்றன. விக்கிப்பீடியாவின் இணை நிறுவனரான லாரி சாங்கரே 2006-ல் அறிவித்த சிட்டிசன்டியம் இதற்குத் தெளிவான உதாரணம். சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும், துறை வல்லுநர்கள் கட்டுரைகளை அங்கீகரிப்பார்கள் என்பது திட்டம். ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் நகலெடுத்துத்தான் முன்னோட்டத்தைத் தொடங்கினார்கள். ஆனால் 2007 ஜனவரியில், தாங்கள் கை வைக்காத நகல் கட்டுரைகளை எல்லாம் நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே எழுதி நிரம்பிய பக்கங்களைப் பார்க்கும்போது யாருக்கும் எழுதத் தோன்றுவதில்லை என்பது புரிந்துவிட்டது. காலிப் பக்கம்தான் ஆளை இழுக்கும். அதன் பிறகும் தேவையான அளவுக்கு ஆட்கள் சேரவில்லை.

லட்சக்கணக்கான கட்டுரைகளை நகலெடுப்பது ஒரு நாள் வேலை. நாளை ஒரு தேர்தல் முடிவு வரும், ஒருவர் இறப்பார், ஒரு கோளுக்குப் புதிய நிலவு கண்டுபிடிக்கப்படும். மூலத் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உடனே திருத்துவார்கள். இருபது பேர் உள்ள கிளையில் அத்தனை கட்டுரைகளும் அன்றிலிருந்தே பழசாகத் தொடங்கும். கொண்டுவந்த கட்டுரைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் பராமரிப்பு கைமீறும்.

கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு, பணத்தாலும் அதிகாரத்தாலும் நிறுத்தப்படும் கிளைகள் வேறு வகை. 2023-ல் ரஷ்யாவில் ரூவிக்கி தொடங்கப்பட்டது. ரஷ்ய விக்கிமீடியா அமைப்பின் தலைவராக இருந்தவரே அதைத் தொடங்கினார். ரஷ்ய விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, உக்ரைன் போர் போன்றவற்றைப் பற்றிய பக்கங்களை அரசின் பார்வைக்கு ஒத்துப்போகும்படி மாற்றினார்கள். உரிமம் இதையும் அனுமதிக்கிறது. சுதந்திரத்துக்காக எழுதிய ஓர் உரிமம், சுதந்திரமாக எழுதியவர்களின் உழைப்பைத் தணிக்கை செய்து பரப்பவும் கதவைத் திறந்து வைக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நல்லவர்கள் மட்டும் நகலெடுக்கலாம்' என்று உரிமம் எழுதினால், யார் நல்லவர் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒருவர் கைக்குப் போகும். அந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காமல் இருந்ததால்தான் துருக்கியப் பிரதியும் சாத்தியமானது.

கதவு சாத்தப்படும்போது

போக வழியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விக்கிக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. இசைத்தட்டைக் கணினியில் போட்டால் பாடல் பெயர்கள் தானாக வரும் வசதி 1990-களில் பிரபலமானது. அதற்குப் பின்னால் இருந்த சிடிடிபி தரவுத்தளத்துக்கு விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்பியவர்கள் சாதாரணப் பயனர்கள். பிறகு அது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், கிரேஸ்நோட் என்ற வணிகச் சேவையாகி, உரிமம் வாங்காத மென்பொருள்களுக்குக் கதவைச் சாத்தியது. தட்டச்சு செய்தவர்கள் தங்கள் உழைப்பைப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டிய நிலை. அந்தக் கசப்பிலிருந்தே ஃப்ரீடிபி பிறந்தது. மியூசிக்பிரெய்ன்ஸ் திட்டமும் அதற்கு மாற்றாகத்தான் எழுந்தது. தன் அடிப்படைத் தரவை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது.

இன்று அதே கேள்வி செயற்கை நுண்ணறிவின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கேட்டதற்குத் தானே எழுதித் தரும் மென்பொருள்களை மொழி மாதிரிகள் என்கிறார்கள். அவற்றைப் பயிற்றுவிக்கத் திறந்த தளங்களின் எழுத்து வேண்டும். 2024 ஜனவரிக்குப் பிறகு படங்கள், காணொளிகளைத் தரவிறக்கும் போக்குவரத்து 50% கூடியதாக விக்கிமீடியா 2025-ல் சொன்னது. அதிகச் செலவு பிடிக்கும் போக்குவரத்தில் 65% தானியங்கி நிரல்களால் வருவதாம். அதே ஆண்டு அக்டோபரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் வெளியிட்ட குரோக்கிபீடியாவில், பல கட்டுரைகள் விக்கிப்பீடியாவிலிருந்து கிட்டத்தட்ட வரிக்கு வரி அப்படியே இருந்தன. உரிமக் குறிப்பும் அவற்றின் அடியில் இருந்தது. நகல் என்ற அளவில் அது பழைய கதைதான். புதிது என்னவென்றால், மேற்கொண்டு எழுதுவது மனிதச் சமூகம் இல்லை, மொழி மாதிரி. ஆட்கள் வருவார்களா என்ற கேள்வியையே அது கேட்காமல் கடந்துவிடப் பார்க்கிறது. சான்றைத் தேடிச் சரிபார்க்கவும் பேச்சுப் பக்கத்தில் மல்லுக்கட்டவும் அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை.

இந்த அறுவடையைப் பார்த்து மிரளும் நிறுவனங்கள், கதவைச் சாத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்கின்றன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நிரலாளர்கள் எழுதும் கேள்வி பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. 2009 முதல் அவற்றின் டம்ப் பொதுவில் கிடைத்துவந்தது. நிறுவனம் திசைமாறினால் சமூகம் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற உத்தரவாதமாகவே எழுதியவர்கள் அதைக் கருதினார்கள். 2023-ல் அறிவிப்பு ஏதுமின்றி டம்ப் நின்றது. ஜூனில் விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்ப வந்தது. அந்த நேரத்தில் தளத்தின் மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலையில் முறை மாறியது. முன்பு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் யாரும் தரவிறக்கக் கிடைத்ததை, இப்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்நுழைந்து, மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்காக எடுக்கவில்லை என்று உறுதி சொன்ன பிறகே பெற முடியும். உரை அப்படியேதான் இருக்கிறது, உரிமமும் மாறவில்லை. அதை எடுத்து வெளியே வரும் வழி மட்டும் குறுகியிருக்கிறது. அப்படிப் பெற்ற கோப்புகளைத் தன்னார்வலர்கள் மறுபடியும் இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றிவருகிறார்கள்.